சிலையில் நிற்கிற மாட்டுக்கு எத்தனை பல்லு?

நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றின் வாசலில் ஒரு சிமென்ட் காளை நிற்கிறது. கொம்பு காங்கேயம், உடம்பு ஜெர்சி. திமில் இருக்கிறது, ஆனால் தோள்பட்டைக்கு மேல் இல்லை. ஒட்டகத்துக்கு இருக்கிற மாதிரி முதுகு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. காது கொம்புக்கு முன்னால் முளைத்திருக்கிறது. குழந்தைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் அப்பாரு (தாத்தா) டீயைக் குடித்துக்கொண்டே அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு வாசலில் இருந்த காவலாளியிடம், "ஏனுங்க, இது என்ன ரகமுங்க?" என்று கேட்டார். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார். ஆயுசு முழுக்க மாட்டோடு இருந்த மனுசன். காவலாளி, "சிலைங்க அது" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

யதார்த்தச் சிற்பம் என்றால் என்னவென்று கேட்டால், "அச்சு அசலா இருக்கும்" என்று சொல்லிவிடுவோம். அதில் பாதிதான் சரி. ஒவ்வொரு மயிரையும் கீறி, கண்ணாடிக் கண் பதித்து, பெயின்டும் அடித்து வைத்த பொம்மை அச்சு அசலாக இருக்கும். ஆனால் அது செத்த மாட்டை நிறுத்தி வைத்தது போலவும் இருக்கும். என் கணக்கு வேறு. சந்தையில் ஒரு மாட்டைப் பார்த்ததும் தரகர் கேட்கிற கேள்விகளைச் சிலையிடமும் கேட்டுப் பாருங்கள். என்ன ரகம்? எத்தனை பல்லு? (பல்லை வைத்துத்தான் வயசைச் சொல்வார்கள்.) உழவு பழகியதா, இனத்துக்கு விடுகிற பூச்சிக்காளையா? எந்தக் காலில் நிற்கிறது? மேய்ச்சல் கண்டதா, காய்ந்ததா? சிலை பதில் சொன்னால் அது யதார்த்தச் சிற்பம். அப்பாரு கேட்ட கேள்விக்கு அந்தச் சிமென்ட் காளையிடம் பதில் இல்லை, அவ்வளவுதான்.

பதில் சொல்லாததெல்லாம் மட்டமான சிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. மாட்டுப் பொங்கலை ஒட்டி அங்கே திருவிழா. மாடு கன்று நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மண்ணால் செய்த மாடு, கன்று உருவங்களை வாங்கி வந்து வைப்பார்கள். உருவாரம் என்று பெயர். உருவாரத்துக்குக் கால் நான்கு உருளை, கொம்பு இரண்டு வளைவு, கண் இரண்டு பொட்டு. "இது மாடு" என்று தெரிந்தால் போதும். எந்த மாடு என்பது வேண்டிக்கொண்டவருக்கும் சாமிக்கும் இடையில் உள்ள சேதி. அதற்குப் பல் வைத்துச் செய்தால்தான் தப்பு. ஒரு வீட்டு மாட்டுக்கு மட்டும் ஆகும், மற்றவர் வாங்க முடியாது.

நந்தி வேறு கதை. தஞ்சைப் பெரிய கோயில் நந்தி சுமார் 12 அடி உயரம். நாயக்கர் காலத்தில் செய்தது. கழுத்தில் மணிமாலை, உருண்டு திரண்ட உடம்பு. அது எப்போதும் அதே வயதில்தான் இருக்கும், அதற்குப் பசிக்காது, கிழடு தட்டாது. தெய்வத்தின் வாகனத்துக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அதைச் செய்தவருக்கு மாடு தெரியாது என்று யாராவது சொன்னால், நந்தியின் முன்கால் மடிந்திருக்கிற விதத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துத்தான் செய்திருக்கிறார். பார்த்ததில் எதை விடுவது என்பதில்தான் அவர் வேறு முடிவு எடுத்தார்.

ஆக உருவாரம் மாட்டுக்கு அடையாளம், நந்தி மாட்டின் உயர்ந்த வடிவம். யதார்த்தச் சிற்பம், செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கட்டுத்தரையில் நின்ற ஒரு மாடு.

தரகர் கண்

காங்கேயம் மாட்டையே எடுத்துக்கொள்வோம். கன்று பிறக்கும்போது செவலை நிறம். ஆறு மாதம் ஆகும்போது சாம்பலுக்கு மாறத் தொடங்கும். காளையாக வளர்ந்தால் திமில், கழுத்து, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் கறுத்துப்போகும். காயடித்துவிட்டால் அந்தக் கறுப்பு வெளுத்து விடும். பசு பெரும்பாலும் வெள்ளை கலந்த சாம்பல். சந்தையில் பாதிச் சேதியை நிறமே சொல்லிவிடுகிறது.

இனி சிற்பியின் சங்கடத்தைப் பாருங்கள். வெண்கலத்துக்கு ஒரே நிறம். களிமண்ணுக்கும் ஒரே நிறம். மயிலை, காரி, செவலை என்ற சொல்லெல்லாம் அங்கே செல்லாது. நிறம் சொன்ன சேதியை உருவம் சொல்ல வேண்டும். காளை என்றால் திமில் ஏறி நிற்க வேண்டும், கழுத்து மொத்தமாக இருக்க வேண்டும், நெற்றி அகலமாக வேண்டும். காயடித்த எருது என்றால் திமில் இறங்கும், கழுத்து மெலியும், கொம்பு நீளும். கொம்பு வெளியே விரிந்து, பின்னால் வளைந்து, நுனியில் ஒன்றையொன்று பார்க்கிற வளைவு இருக்கிறதே, அதில் கொஞ்சம் பிசகினால் மாடு வேறு ஜில்லாவுக்குப் போய்விடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். வருசக்கணக்கில் நுகத்தில் பூட்டிய எருதின் பிடரியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நுகத்தடி உட்காருகிற இடத்தில் தோல் தடித்து, மயிர் உதிர்ந்து, காய்ப்புக் காய்த்திருக்கும். உழைக்கிறவர் உள்ளங்கையில் இருக்கிற அதே காய்ப்பு. ஒரு எருது எப்போதும் வலத்தே பூட்டப்பட்டதா இடத்தே பூட்டப்பட்டதா என்பதை எங்கள் அப்பாரு கழுத்தைத் தடவியே சொல்வார். அவர் சொல்வது சரியா என்று நான் சோதித்ததில்லை. ஜோடியை மாற்றிப் பூட்டினால் அவை நடக்கிற கோணலைப் பார்த்திருக்கிறேன். சிற்பி அந்த ஒரு விரல் அகலக் காய்ப்பை வைத்துவிட்டால், ஏர், வண்டி, ஓட்டியவர், வருசம் எல்லாம் சிலைக்குள் வந்துவிடும். உடம்பு முழுக்க மயிரைக் கீற வேண்டிய வேலை இல்லை.

கால் நான்கு, கல் ஒன்று

தொடக்கத்தில் எனக்குப் புரியாமலிருந்தது இது. கல் மாடுகள் ஏன் பெரும்பாலும் படுத்தே இருக்கின்றன? நந்திக்குச் சமயக் காரணம் இருக்கிறது, சரி. கல்லுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கருங்கல் மேலே எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கும், வளைத்தால் ஒடிந்துவிடும். பெரிய உடம்பை நான்கு மெல்லிய கால் மேல் நிறுத்தினால், தூக்கி வைக்கும்போதே ஒரு கால் போய்விடும். பீகாரில் ராம்பூர்வா என்ற இடத்தில் கிடைத்த அசோகர் காலத்துக் காளை இப்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருக்கிறது. 2,200 வருசத்துக்கு மேல் பழையது. திமிலும் தசையும் இன்றைக்குப் பார்த்தாலும் உயிரோடு இருக்கின்றன, நின்றுகொண்டும் இருக்கிறது. ஆனால் வயிற்றுக்குக் கீழே, கால்களுக்கு நடுவில், கல்லை முழுசாகக் குடையாமல் விட்டிருக்கிறார்கள். பாரத்தை அதுதான் தாங்குகிறது. திருமுருகன்பூண்டியில் சிற்பப் பட்டறைப் பக்கம் போனால் நிற்கிற மிருகம் எதையாவது தேடிப் பாருங்கள். காலுக்கு நடுவில் என்ன செய்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

உலோகத்தில் இந்தத் தொல்லை குறைவு. மெழுகிலோ மண்ணிலோ உருவம் செய்து, அச்செடுத்து, உள்ளே கூடாக வெண்கலம் ஊற்றினால் மாடு ஒரு காலைத் தூக்கியும் நிற்கலாம். ஓடுகிற, துள்ளுகிற, தலையைத் திருப்பி ஈ ஓட்டுகிற மாடெல்லாம் அதிகம் வெண்கலத்தில் இருப்பது இதனால்தான்.

சுட்ட மண்ணுக்கு இன்னொரு கணக்கு. பத்து வருசத்துக்கு முன்னால் நான் ஒரு கன்றுக்குட்டி செய்தேன். முழுக்க மண், உள்ளே கூடு இல்லை, நான்கு நாள் நிழலில் காய்ந்தது. காய்ந்துவிட்டது என்று நம்பி விராட்டி அடுக்கித் தீ வைத்தேன். அரை மணி நேரத்தில் "டப்"பென்று ஒரு சத்தம். உள்ளே தங்கியிருந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் கன்றை உடைத்துவிட்டது. தலை மட்டும் முழுசாகக் கிடைத்தது, இன்றைக்கும் ஜன்னலில் இருக்கிறது. கோயில் மண் குதிரைகளைச் செய்கிற வேளார்கள் உள்ளே கூடு வைத்து, சுவரை ஒரே கனமாக எழுப்பி, காற்றுப் போக ஓட்டை விட்டுச் செய்வது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் குதிரைக் கால் தூண் மாதிரி இருப்பதற்குச் சூளையும் ஒரு காரணம்.

பால் கறக்கிற பாறை

நம் நாட்டில் பண்ணைப் பிராணி யதார்த்தத்துக்கு ஒரே ஒரு உதாரணம் கேட்டால் நான் மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தைச் சொல்வேன். கொங்கு நாட்டிலிருந்து தூரம்தான், இருந்தாலும் ஒரு முறை போக வேண்டும். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துப் புடைப்புச் சிற்பம். கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். கூட்டமெல்லாம் அவனைப் பார்க்கப் போய்விடும். நீங்கள் ஓரத்துக்கு வாருங்கள். ஓர் ஆயர் குந்தியிருந்து பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாட்டு மாடு கன்று பக்கத்தில் இல்லாமல் லேசில் பால் விடாது. முதலில் கன்றை ஊட்ட விட்டு, மடி சுரந்ததும் இழுத்துத் தாய்க்கு முன்னால் கட்டி, அது நக்கிக்கொண்டிருக்கும்போது கறக்க வேண்டும். நாட்டுப்பசு வைத்திருக்கிற வீட்டில் இன்றைக்கும் காலையில் இதைத்தான் பார்க்கலாம். பல்லவச் சிற்பி பசுவின் அழகை மட்டும் பார்க்கவில்லை, கறவை நடக்கிற முறையைப் பார்த்திருக்கிறார். அந்தப் பசுவிடம் கேள்வி கேட்டால் பதில் வரும்: கன்று போட்டிருக்கிறது, கன்று உயிரோடிருக்கிறது, இப்போது பால் இறங்குகிறது.

இதற்கு நேர் எதிராக ஒரு கிரேக்கக் கதை உண்டு. கிறிஸ்துவுக்கு முன் 5-ஆம் நூற்றாண்டில் மைரோன் என்ற சிற்பி ஏதென்ஸில் ஒரு வெண்கலப் பசு செய்தார். சிலை இன்று இல்லை. அதைப் புகழ்ந்த சின்னச் சின்னக் கவிதைகள் மட்டும் முப்பதுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. கன்றுக்குட்டி வந்து மடியை முட்டிப் பால் குடிக்கப் பார்த்தது, மேய்ப்பவன் மந்தையோடு சேர்த்து ஓட்டப் பார்த்தான் என்கிற மாதிரியான புகழ்ச்சி. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாடு வைத்திருக்கிறவர் நம்ப மாட்டார். கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து, தாய்க்கு முன்னால் வைத்துப் பால் கறக்கிற பழக்கம் நம்மிடம் இருந்தது. அந்தத் தோல் கன்றுக்குக் கண் இருக்காது, கால் கோணலாக இருக்கும், பார்த்தால் மூட்டை மாதிரி இருக்கும். பசு அதை நக்கிக்கொண்டு பால் விடும். அதற்கு வாசம்தான் கன்று. அச்சு அசலான உருவம் பசுவுக்கு வேண்டியதில்லை. அது மனுசக் கண்ணுக்காக மனுசர் செய்துகொள்வது.

சந்தைக்குப் போன சிற்பி

ஒரு கொள்கையாக யதார்த்தம் என்ற சொல் பேர்பெற்றது 19-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில். 1855-இல் ஓவியர் கூர்பே பாரிஸில் தனியாக ஒரு கொட்டகை போட்டு, யதார்த்தம் என்று பெயர் வைத்துத் தன் படங்களைக் காட்டினார். ராஜா, தேவதை, பழைய வீரர்கள் எல்லாம் போதும். கல் உடைக்கிறவர்களும் குடியானவர்களும் கலைக்குப் பொருளாகலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய பேச்சு. குடியானவர் வந்தால் அவர் மாடும் பின்னால் வரத்தானே செய்யும்.

அதற்குச் சற்று முன்பே அங்கே பிராணிகளை மட்டும் சிலையாகச் செய்கிற ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. ஆந்த்வான்-லூயி பாரி (1795–1875) அவர்களில் மூத்தவர். பாரிஸ் விலங்குக்காட்சிசாலையில் மிருகங்களை வரைந்தும், செத்தவற்றை அறுத்துப் பார்த்தும் கற்றவர். அவருடைய புலியும் சிங்கமும் பேர்போனவை. அவர்களை 'அனிமலியே' என்றார்கள். தொடக்கத்தில் அது மட்டம் தட்டுகிற பேச்சு, 'மிருகம் செய்கிறவன்' என்கிற தொனியில். பின்னால் அதுவே பட்டமாகிவிட்டது.

நம் விசயத்துக்கு நெருக்கமானவர் ரோசா பொனூர் (1822–1899). ஓவியராகத்தான் உலகம் அறியும். ஆட்டையும் காளையையும் வெண்கலத்திலும் செய்தவர். குதிரைச் சந்தைக்கும் இறைச்சிக்கூடத்துக்கும் போய்ப் பார்த்து வரைந்தார். பாவாடை கட்டிக்கொண்டு அங்கே நிற்க முடியாது. அந்தக் காலத்துப் பாரிஸில் பெண்கள் கால்சட்டை போட வேண்டுமானால் காவல்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1850களில் அதையும் வாங்கினார். அவருடைய தம்பி இசிதோர் பொனூரும் காளைச் சிலைகளுக்குப் பேர்பெற்றவர். ரோசா இறந்தபின் ஃபோந்தேன்ப்ளோ ஊரில் அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தின் மேல் நின்றது பெரிய வெண்கலக் காளை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் ஊர் இருந்தபோது அதை உருக்கிவிட்டார்கள்.

பெல்ஜியத்துக் கான்ஸ்டன்டின் மியூனியே இன்னும் ஒரு படி போனார். நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி இழுத்துத் தேய்ந்துபோன கிழட்டுக் குதிரை ஒன்றைச் செய்தார். தலை தொங்கி, எலும்பு தெரிய நிற்கும். பந்தயக் குதிரையும் தளபதியின் குதிரையும் சிலையாக நின்றிருந்த ஊர்களில், வேலைக்காரக் குதிரைக்கும் ஒரு பீடம் கிடைத்தது. எனக்குள் ஒரு ஆசை உண்டு: சால் கட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைத்த ஜோடி எருதை யாராவது அப்படிச் செய்ய வேண்டும். சால் நிறைந்ததும் சரிவில் இறங்கி இழுக்கும்போது அந்த இரண்டு உடம்பும் முன்னால் சாய்கிற சாய்மானம், வடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறவரின் பாரம், பிறகு பின்னாலேயே ஏறிப் போகும்போது கால் தேடுகிற தேடல். மோட்டார் வந்தபின் அதைப் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நீங்களே செய்ய நினைத்தால்

கம்பியில் எலும்புக்கூடு கட்டிக்கொள்ளுங்கள்: முதுகுக்கு ஒன்று, கால்களுக்கு இரண்டு, கழுத்துக்கு ஒன்று. அதன் மேல் மண். அளவுக்கு மாட்டின் தலை நீளத்தையே அலகாக வைத்துக்கொண்டு, உடம்பு எத்தனை தலை, கால் எத்தனை தலை என்று உங்கள் கட்டுத்தரை மாட்டிலேயே ஒரு குச்சியால் அளந்துவிடலாம். இணையத்தில் கிடைக்கிற வெளிநாட்டு மாட்டுப் படத்தைப் பார்த்துச் செய்தால் திமிலை எங்கே ஒட்டுவது என்ற குழப்பம் வந்து, அந்த உணவகக் காளைதான் பிறக்கும்.

பிறகு அசைவு. மாடு நடக்கும்போது இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்று எடுத்து வைக்கும். முன்கால் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பின்கால் வந்து விழும். இது தெரியாமல் காலை வைத்தால் மாடு தடுமாறுகிற மாதிரி இருக்கும், ஏனென்று செய்தவருக்கும் தெரியாது. பெரிய ஓவியர்களே குதிரை விசயத்தில் ஏமாந்திருக்கிறார்கள். முன்கால் இரண்டும் முன்னால், பின்கால் இரண்டும் பின்னால் நீட்டிக்கொண்டு பறப்பதாக நூற்றாண்டுக் கணக்கில் வரைந்தார்கள். 1878-இல் கலிபோர்னியாவில் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்கள் வந்தபோதுதான், நான்கு காலும் தரையை விட்டிருக்கிற நேரத்தில் அவை வயிற்றுக்குக் கீழே மடங்கியிருக்கின்றன என்பது தெரிந்தது.

நானும் ஏமாந்தேன். படுத்திருந்து எழுகிற எருது ஒன்றைச் செய்து அப்பாருவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாடு நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா குதிரையாட்டம் எந்திரிக்குது."

"எப்படிங்க அப்பாரு?"

"போயி பட்டியில பாரு."

மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். மாடு எழும்போது முதலில் பின்பக்கத்தைத் தூக்குகிறது. ஒரு நொடி முன்னங்காலில் மண்டியிட்டு நின்று, பிறகுதான் முன்பக்கம் எழுகிறது. குதிரைக்கு இது தலைகீழ், முன்கால் முதலில். பிறந்ததிலிருந்து மாட்டோடு வளர்ந்தவன் நான், ஒரு நாள்கூடக் கவனித்ததில்லை.

மாடு இல்லாதவர்கள் ஆட்டில் தொடங்கலாம். மேச்சேரி ஆடு இதற்கு ரொம்பத் தோது. கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான். அதனால் தோள் எலும்பும் விலாவும் அப்படியே தெரியும். ஐரோப்பியச் சிலைகளில் வருகிற சுருட்டைக் கம்பளிச் செம்மறியில் தப்பெல்லாம் கம்பளிக்குள் மறைந்துவிடும். மேச்சேரியில் மறைக்க இடமில்லை.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேர் சமயத்தில் கூடுகிற மாட்டுச் சந்தைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் வாருங்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை வரும், அங்கே குதிரையும் உண்டு. வாங்க வருகிறவர்கள் மாட்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குகிறார்கள், எங்கே கை வைக்கிறார்கள், எப்போது நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள் என்று கவனித்து, அதே வரிசையில் வரைந்துகொள்ளுங்கள். வாயைத் திறந்து பல் பார்க்கும்போது கிட்டப் போய் நீங்களும் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மேல்தாடையில் முன்பல் இருக்காது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். துண்டைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் விரலால் விலை பேசும்போது மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்.